முந்திரி வைத்த கேக்

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டதால்தான், ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸை நான் இந்தியாவில் கொண்டாட முடிந்தது. காரைக்குடியிலிருந்து போன் செய்தவள் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “டிசம்பர் வந்துருச்சு ஜெபா. கேக் யாரு அடிக்கிறது?” என்றுதான் கேட்டாள்.

நான் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் என்றாலே பனியும் கம்பளித் தொப்பியும் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெர்த்தில் அது கொளுத்தும் கோடை. அரைக்கால் சட்டையோடு கடற்கரையில் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். மனைவி ஹெலனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பண்டிகை நாளில் அவளால் நகர முடியாது. ‘போய் உங்க அக்காவுக்குக் கையா இருந்துட்டு வாங்க’ என்று என்னை மட்டும் அனுப்பிவைத்தாள். என் பேருந்தில் தினமும் ஏறும் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், “ஒரு கேக்கைக் கலக்குவதற்காகவா இவ்வளவு தூரம் பறக்கிறாய்? உன் அக்காவுக்கு ஒரு மிக்சி வாங்கிக் கொடுத்துவிடேன்” என்று சிரித்தார். அவருக்கு என் அக்காவைத் தெரியாது, பாவம்.

காரைக்குடி ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்கு வாய்த்தது காதர் பாயின் ஆட்டோ. பெட்டியைப் பின்னால் ஒரு கயிற்றால் கட்டினார். கயிறு தாங்குமா என்று கேட்டேன். “போன மாசம் இதுல ஒரு பிரிட்ஜே போச்சு, ஏறுங்க சார்” என்றார். பேருந்து ஓட்டுகிறவனை ஆட்டோவில் உட்கார வைப்பது பெரிய தண்டனை. செக்காலை ரோடு வரும்வரை என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் கடைகளில் காகித ஸ்டார்கள் தொங்கின. இன்னொரு பக்கம் கறுப்பு வேட்டியும் துளசி மணி மாலையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மாடு, யாருக்கும் வழிவிடாமல் நின்றது.

அக்கா எஸ்தர், பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மனோகர் அத்தானும் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். அத்தானின் வேலைக்காக முப்பது வருடங்களுக்கு முன் இங்கே வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அக்காவின் பேச்சுகூட மாறிப்போய்விட்டது. மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டி, “என்ன இப்படி இளைச்சுப்போய் வந்திருக்கீக?” என்று என்னை மரியாதையாகக் கேலி செய்தாள். நான் போன வருடத்தைவிட ஆறு கிலோ கூடியிருந்தேன்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடும் தூக்கமும்தான். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். மாலையில் அத்தான் எனக்காக வாங்கி வந்த கவுனி அரிசி இனிப்பு. அத்தானுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனால் எனக்கு ஊட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவர் ருசி தெரிந்துகொள்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரரை அன்று மாலை பார்த்தேன். தங்கராசு ஆசாரி, தச்சு வேலை செய்பவர். மாலை போட்டிருந்தார், கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். அவர் வீட்டு வாசலில் ஒரு தென்னங்கன்று பையில் நின்றது. அதற்கு அக்கா தன் வீட்டுக் குழாயிலிருந்து இடது கையால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சாமிக்கு இது பதினெட்டாவது வருசம். பதினெட்டாவது வருசம் மலைக்குத் தென்னங்கன்னு கொண்டு போகணும். அதுக்கப்புறம் அவுக குருசாமி” என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். சொந்தத் தம்பிக்கு லைசென்ஸ் கிடைத்தபோதுகூட அவள் இப்படிப் பூரித்ததில்லை.

“இதெல்லாம் டீச்சரம்மா கைராசி சாமி. எங்க வீட்டுத் தண்ணி உப்பு. இங்குட்டுத் தண்ணிக்குத்தான் கன்னு தழையுது” என்றார் ஆசாரி. மாலை போட்டவர்கள் எதிரில் வருகிற எல்லோரையும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெர்த்தில் என்னை ‘டிரைவர்’ என்பதற்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த இரண்டு வீட்டுக்குமான உறவு ஒரு மரத்துடுப்பில் ஆரம்பித்தது என்று அத்தான் சொன்னார். பதினொரு வருடங்களுக்கு முன் அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த டிசம்பரில், அக்கா கேக் மாவு அடிக்கிற கரண்டி உடைந்துபோயிருக்கிறது. ஆசாரி ஒரே மணி நேரத்தில் வேப்ப மரத்தில் நீளமாக ஒரு துடுப்பு செதுக்கிக் கொடுத்துவிட்டார். அந்த வருடம் தொடங்கி, எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் முதல் கேக் அவர் வீட்டுக்குப் போகிறது.

அடுத்த இரண்டு நாட்கள் பலகாரம். அச்சு முறுக்குக்கு அச்சு பிடித்தேன், அதிரசம் தட்டினேன், இரண்டிலும் திட்டு வாங்கினேன். சாயங்காலம் சபையிலிருந்து பாட்டுக்காரர்கள் கிட்டாரோடு வந்து இரண்டு பாட்டுப் பாடினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டவரின் முகமூடி சின்னதாகிவிட்டதால், மூச்சு வாங்க அவர் அடிக்கடி அதைத் தூக்கிக்கொண்டார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. ஆசாரி தன் வாசலில் கைகூப்பி நின்று இரண்டு பாட்டையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். பெர்த்தில் எங்கள் தெருவில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மெதுவாகச் சாத்துவார்.

இருபத்து மூன்றாம் தேதி, நான் எதற்காக அழைக்கப்பட்டேனோ அந்த வேலை. காலையில் கண் விழித்து வரும்போதே அடுக்களை மேடையில் ஒரு டின் தயாராக இருந்தது. மாவு ஊற்றி, மேலே ஐந்து முந்திரி பதித்து, வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தாள். என் தூக்கம் தெளியும்வரை பொறுக்க மாட்டாமல் இடது கையாலேயே கலக்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். “அது அப்படியே இருக்கட்டும். நீ மத்த அஞ்சு டின்னுக்கு அடி” என்றாள்.

அடித்தேன். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். பக்கம் மாறினால் கேக் உப்பாதாம். பதினைந்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினார் அத்தான். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் இருப்பவள்போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்சி என்ற சொல்லை எடுத்தேன். “மிக்சியில அடிச்சா மாவு சூடேறும்” என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

மாவு டின்களைப் பக்கத்து பேக்கரிக்கு எடுத்துப்போய், அங்கே விறகு அடுப்பில் வேகவைத்து வாங்கிக்கொள்வதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம். அக்கா அதை இங்கேயும் தொடர்கிறாள். பேக்கரியில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அவர்களுடைய டின்களில் செர்ரிப் பழமும் பாதாமும் கோலம்போல அடுக்கப்பட்டிருந்தன. எங்களுடைய ஆறில் ஒன்றுக்கு மட்டும் முந்திரி. மற்ற ஐந்தும் மொட்டையாக இருந்தன. கை ஒடிந்தவள், ஒரு டின்னுக்கு மேல் அவளால் பதிக்க முடியவில்லை என்று எனக்கு மனசு இளகிவிட்டது. எதிர்க்கடையில் முந்திரி வாங்கி வந்து, மற்ற ஐந்துக்கும் அதேமாதிரி ஐந்தைந்தாகப் பதித்தேன். அந்த வாரத்தில் நான் யாரும் சொல்லாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

வெந்து வந்தவற்றை பேக்கரிக்காரர் டின்னிலிருந்து எடுத்து, தனித்தனியாகத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஒன்று மட்டும் சரியாக உப்பவில்லை. ஆறில் ஒன்று பழுது என்றால் முதல் முயற்சிக்கு மோசமில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மாலை அக்கா மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு வந்து, கையை வெந்நீரில் வைத்திருந்தாள். ஆசாரி வந்து வாசலில் நின்றார். “ஜெபா, முந்திரி வச்ச கேக்கை எடுத்துச் சாமிகிட்டக் குடு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் தாள்களைப் பிரித்துப் பார்த்து, ஆறிலும் நன்றாக உப்பியதாக, மேலே லேசாக வெடித்துச் சிரித்த ஒன்றை எடுத்து, மறுபடி தாளில் சுற்றிக் கொடுத்தேன். பதினொரு வருடப் பழக்கத்துக்குப் பழுதானதையா கொடுப்பது? ஆசாரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனை. மார்கழிப் பனியில் அக்கா புதுப்பட்டும் குல்லாவுமாக நடந்தாள். எங்கள் சபைக் கோவிலுக்குள் ஊதுவத்தி வாசமில்லை. மல்லிகையும் புதுத்துணி வாசமும்தான். அத்தான் மூன்றாவது பாட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். எனக்கு அம்மா அப்பா நினைவு வந்து அழுதுவிட்டேன். வெளியே வந்ததும் முன்பின் தெரியாத இருபது பேர் என் கையைக் குலுக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து இட்லியும் கறிக்குழம்பும் முடிந்தது. தெருவுக்குக் கொடுப்பதற்காக அக்கா கேக்குகளைப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“என்ன எல்லாத்துலயும் முந்திரி இருக்கு?”

“நான்தான் வச்சேன்” என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அக்கா குணமான கையால் ஒவ்வொரு கேக்காகத் தூக்கிப் பார்த்தாள். நான்காவதை, அந்த உப்பாததை, தூக்கியதும் அவள் முகம் வெளிறிவிட்டது. “கனக்குது. இதுதான் முட்டை போடாதது” என்றாள்.

அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். மாலை போட்டவர் வீட்டுக்கு முட்டை ஆகாது. அதனால் அக்கா அவர்களுக்கென்று வருடாவருடம் தயிர் ஊற்றி, தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியால் ஒரு கேக் செய்கிறாள். அடையாளம் தெரிய அதில் மட்டும் முந்திரி வைப்பாள். இதை அத்தான் எனக்குச் சொல்லியிருப்பார் என்று அக்கா நினைத்திருக்கிறாள், அக்கா சொல்லியிருப்பாள் என்று அத்தான் நினைத்திருக்கிறார்.

மூன்று பேரும் பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. ஆசாரியின் எண்ணுக்கு அத்தான் போன் போட்டார். பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது. எதிர்வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்தான் சொன்னார்: “அவுக விடியமுன்னயே செல்வியவும் ஏத்திக்கிட்டுக் கல்லலுக்குப் போயிட்டாகளே. அங்குட்டு இன்னைக்குப் படிபூசை. டீச்சர் வீட்டுக் கேக்குப் பொட்டலத்தக்கூட உளிப் பொட்டிக்குள்ள வச்சாக, நான் பார்த்தேன்.” செல்வி, ஆசாரியின் மனைவி.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். “படிபூசைக்கு நாப்பது சாமிக வருவாக. பொட்டியில இருக்கறத யாராவது எடுத்து ஆளுக்கு ஒரு துண்டு குடுத்துட்டா? பதினெட்டு வருசம் ஜெபா… எங்க வீட்டுப் பண்டத்தாலயா அது கெடணும்?” என்று அழுதாள். மணிக்கட்டு ஒடிந்ததற்கு அழாதவள். எனக்கு அந்த முந்திரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

உப்பாத கேக்கை மஞ்சப்பையில் போட்டு என் கையில் கொடுத்து, “மாத்திட்டு வா” என்றாள்.

மறுபடியும் காதர் பாய். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை விரட்டினார். இந்த முறை பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் ஏதோ ‘டப்’பென்று அறுந்து, வண்டி உருண்டுபோய் ஒரு புளியமரத்தடியில் நின்றது. “கிளட்ச் கேபிள் போச்சு சார்” என்றார். ஓட்டுநர் என்ற முறையில் நானும் குனிந்து பார்த்தேன். பெர்த்தில் வண்டி நின்றால் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருப்போம். என் தொழில் ஞானம் அவ்வளவுதான். என் கவலை முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். காதர் பாய் ரோட்டின் நடுவில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்று, வந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார். இதை என் பேருந்துக்கு முன்னால் யாராவது செய்திருந்தால் நான் போலீசைக் கூப்பிட்டிருப்பேன்.

பஸ்ஸில் நிற்க மட்டும்தான் இடம். பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், “அதை இப்படிக் குடுங்க, மடியில வச்சுக்கிறேன். என்ன, இம்புட்டுக் கனமா இருக்கு?” என்றார்.

“கேக்கும்மா.”

“கேக்கா? கருங்கல்லுன்னுல்ல நெனச்சேன்” என்றார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கல்லல் வரும்வரை அந்தக் கேக் மூன்று மடி மாறியது. ஒருவரும் பையைத் திறந்து பார்க்கவில்லை.

கல்லலில் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆசாரி இருந்தார். பதினெட்டு மரப்படிகளைத் தனித்தனியாகச் செய்து கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தார். பதினான்கு படி ஏறிவிட்டது. சுற்றிலும் கறுப்பு வேட்டிகள். யாருடைய வாயாவது அசைகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

“வாங்க சாமி! என்ன இம்புட்டுத் தொலவு? டீச்சரம்மாவுக்கு என்னவும் ஆகிப்போச்சா?” என்று பதறி எழுந்தார்.

அவரைத் தனியே கூட்டிப்போய், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றும், அக்கா அழுதுகொண்டிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

ஆசாரி என்னை உளிப் பெட்டியிடம் கூட்டிப்போனார். அவரே செய்த தேக்குப் பெட்டி. மூடியைத் தூக்கினார். இழைப்புளிக்கும் கொட்டாப்புளிக்கும் நடுவே, நான் சுற்றிக் கொடுத்த தாள் பிரிக்கப்படாமல் இருந்தது. எனக்கு உயிர் திரும்பியது.

“நான் இதைத் திங்க மாட்டேன் சாமி” என்றார் குரலைத் தாழ்த்தி. “மாலை போட்டா வீட்டுல குளிச்சு ஆக்குனது, இல்லாட்டி பூசையில ஆக்குனது. வேற எதுவும் வாயில வைக்கிறதில்ல. அதோட, பேக்கரி அடுப்பு இருக்கே, அதுலதானே முட்டைப் பப்ஸும் வேகுது?”

அக்காவின் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி எல்லாம் என் கண் முன்னால் வந்துபோயின. “அப்போ பதினொரு வருசமா?”

“மாலையக் கழட்டிட்டு வந்து, பொங்கலுக்குத் திம்போம். எங்க வீட்டுல பொங்கலுக்குத்தான் கிறிஸ்மஸ் கேக்கு. அதுவரைக்கும் இந்தப் பொட்டிதான். எறும்பு ஏறாத இடம் எங்க வீட்டுல இது ஒண்ணுதான். நான் வேலைக்குப் போற இடமெல்லாம் இதுவும் வரும். போன வருசம் சிங்கம்புணரி வரைக்கும் போய்ட்டு வந்துச்சு.”

“அக்காகிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? எனக்குன்னு முட்டை போடாமச் செய்றாக. இதைத் திங்க மாட்டேன்னு சொன்னா மனசு நோகும்ல?” சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார். “உங்களுக்கு மட்டும் சொல்றேன் சாமி. பொங்கலுக்குள்ள அது கல்லா இறுகிப்போகும். டீயில முக்கித்தான் திம்போம். தெருவுல எல்லாரும் டீச்சரம்மா கேக்கு பஞ்சு மாதிரி இருக்குங்கறாக. எனக்கு அந்த ருசி இன்னும் வாய்க்கல.”

பெட்டியிலிருந்த பொட்டலத்தை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தார். அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. அவரே தலையை ஆட்டிவிட்டார். “முட்டைன்னு தெரிஞ்சப்புறம் மாலையோட வச்சிருக்கக் கூடாது. கொண்டு போயிருங்க.” நானே கையை விட்டு எடுத்துக்கொண்டேன். நான் கொண்டுவந்த கருங்கல்லை அவர் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் வைத்தார். “நான் சொன்னது எதையும் டீச்சரம்மாகிட்டச் சொல்லிப்புடாதீக” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சாப்பிடாமல் விட மாட்டார்கள். செல்வி இலை போட்டார். சாம்பார், பூசணிக் கூட்டு, ரசம், அப்பளம், பாசிப்பருப்புப் பாயசம். நாற்பது கறுப்பு வேட்டிகளுக்கு நடுவே என் புதுச் சிவப்புச் சட்டை. விஷயம் தெரிந்த ஒருவர் எதிர் இலையிலிருந்து, “ஹாப்பி கிறிஸ்மஸ் சாமி” என்றார். வரிசை முழுக்க அதைச் சொன்னது. வீட்டில் எனக்காக மட்டன் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. நான் இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் சாப்பிட்ட நல்ல கிறிஸ்துமஸ் விருந்துகளில் அது ஒன்று.

போன் பண்ணி ‘யாரும் தொடவில்லை’ என்று சொல்லியிருந்தும், நான் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். பிரியாணியை அவளும் தொடவில்லை.

“மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

“பொட்டிக்குள்ளதான இருந்துச்சு? பிரிக்கலயே?”

“பிரிக்கல” என்றேன்.

பெருமூச்சு விட்டாள். “அவுக பிரிக்க மாட்டாக, எனக்குத் தெரியும். பொங்கலுக்குத்தான் திம்பாக. மத்த சாமிக கை வச்சுருவாகளோன்னுதான் பயந்தேன்.”

நான் பையைக் கீழே வைத்தேன். “உனக்குத் தெரியுமா?”

“செல்வி எப்பவோ சொல்லிட்டாளே. எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியாது. நீயும் சொல்லிராத. எனக்காகத்தானே சொல்லாம இருக்காக.”

“பொங்கலுக்குத் திங்கறவருக்கு எதுக்கு முட்டை போடாம இந்தப் பாடு?”

அக்கா என்னைக் கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “என்னைக்குத் திங்கறாக, அது அவுக பாடு. என் கையில இருந்து வாங்கறன்னைக்கு மாலை போட்டிருக்காகல்ல? அன்னைக்கு அதுல முட்டை இருக்கலாமா?”

அதற்கு மேல் நான் பேசியிருக்கவே கூடாது, சத்தியம் செய்திருந்தேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாய் திறந்துகொண்டது. ஆசாரி சொன்ன கல்லையும் டீயையும், அவருக்கு வாய்க்காத பஞ்சையும் சொல்லிவிட்டேன்.

“கல்லுன்னா சொன்னாக?” என்றாள். முகம் ஒரு நொடி சுருங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். இது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அத்தான் கத்தியோடு வந்து, திரும்பி வந்த கேக்கை வெட்டப் பார்த்தார். அக்கா அதைப் பிடுங்கி, இன்னொரு தாள் சுற்றி, பிரிட்ஜின் மேல்தட்டில் உள்ளே தள்ளி வைத்தாள். “இது சாமி வீட்டுது. யாரும் தொடக் கூடாது” என்றாள்.

நான் கிளம்பிய நாள்வரை யாரும் தொடவில்லை. நான் விடைபெறும்போது அத்தான்கூட அதைக் காட்டிக் கண்ணடித்தார், ஆனால் தொடவில்லை.

பொங்கல் முடிந்த மறுவாரம், பெர்த்தில், வண்டியை எடுப்பதற்கு முன் போனைப் பார்த்தேன். அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். மாலை கழற்றிய தங்கராசு ஆசாரி, வெள்ளை வேட்டியில், வாய் நிறையக் கேக்கோடு சிரிக்கிறார். வாசலில் தென்னங்கன்று இருந்த இடம் காலியாக இருக்கிறது. அவர் முன்னால் இரண்டு தாள் பிரிந்து கிடக்கின்றன, பக்கத்தில் ஒரு டீ கிளாஸ்.

கீழே அக்கா எழுதியிருந்தாள்: “ரெண்டையும் தின்னாக. மொதல்ல கல்லைத்தான் தின்னாக.”